சில்லறை எண்ணுதல் சில்லறை விடயமன்று

மலையகத்தின் கல்வி நிலை பற்றிப் பேசப்படும் போதெல்லாம் தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறுகளும், க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையில் கணித பாடத்தில் சித்தியடைவோரின் தொகையும், கணித, விஞ்ஞான ஆசிரியர்களின் பற்றாக்குறையுமே முதலிடம் பெறுகின்றன. இவை முக்கியமானவை என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆயினும் இவை யாவும் கட்டடத்தின் மேல்மாடி சம்பந்தப்பட்டவை. அத்திவாரம் இடப்படும் ஆறு, ஏழு வயதில் பிள்ளையின் கையில் எது கொடுக்கப்படுகிறது, அதனைக் கொண்டு பிள்ளை எதனைக் கற்றுக்கொள்கிறது என்பதைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. அந்த அத்திவாரக் கற்களில் ஒன்று, கலந்து கிடக்கும் நாணயக் குற்றிகளை எண்ணிக் கூட்டிச் சொல்லும் ஆற்றலாகும்.

இது மிகச் சாதாரணமான விடயம் போலத் தோன்றலாம். காசை எண்ணுவதற்குப் பாடசாலை தேவையா, கடைக்கு நாலு தடவை போய் வந்தால் பிள்ளை தானாகவே கற்றுக்கொள்ளாதா என்று கேட்போரும் உளர். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ கடைத்தெருவை அண்டி வாழும் குடும்பத்துப் பிள்ளைக்கு இந்தக் கூற்று ஓரளவு பொருந்தலாம். நுவரெலியா, ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா போன்ற பிரதேசங்களின் தோட்டத்து லயங்களில் வளரும் பிள்ளைக்கு இது பொருந்துமா என்பதே நாம் இங்கு ஆராய விரும்பும் கேள்வியாகும்.

எண்ணிக்கை வேறு, பெறுமதி வேறு

முதலில், பிள்ளைக்கு இதில் உள்ள சிரமம் என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். முன்பள்ளியில் பிள்ளை எண்ணக் கற்றுக்கொள்ளும் போது அதற்குச் சொல்லிக் கொடுக்கப்படும் விதி ஒன்றேயாகும். ஒரு பொருளுக்கு ஓர் எண். நான்கு கற்கள் என்றால் நான்கு. நான்கு பூக்கள் என்றாலும் நான்கு. பொருளின் நிறமோ பருமனோ எண்ணிக்கையை மாற்றுவதில்லை. இந்த விதியைப் பிள்ளை பெருமுயற்சியுடன் கற்று, அதில் உறுதிபெற்ற மறுகணமே நாம் அதன் முன் நாணயக் குற்றிகளை வைக்கின்றோம். ஒரு பத்து ரூபா, ஒரு ஐந்து ரூபா, இரண்டு இரண்டு ரூபா. பிள்ளை எண்ணிப் பார்த்து "நாலு" என்கிறது. பெரியவர்கள் சிரிக்கிறார்கள். தான் கற்ற விதியின்படி பிள்ளை சொன்ன விடை சரியானது. இங்கு கேட்கப்படுவது குற்றிகளின் தொகையன்று, அவற்றின் பெறுமதி என்பதை எவரும் அதற்குச் சொல்லவில்லை.

ஒரு பொருள் பலவற்றுக்குச் சமமாக நிற்க முடியும் என்பது மனித சிந்தனையில் ஒரு பெரிய பாய்ச்சலாகும். ஐந்து ரூபாக் குற்றிக்குள் ஐந்து ஒரு ரூபாக்கள் கண்ணுக்குத் தெரியாமல் அடங்கியுள்ளன. பிற்காலத்தில் பத்தாம் இடம், நூறாம் இடம் என்று இடப்பெறுமானம் கற்கும் போதும் இதே கருத்தே மீண்டும் வருகின்றது. 37 என்னும் எண்ணில் 3 என்பது முப்பதாக நிற்பதை விளங்கிக்கொள்வதற்கும், ஒரு பத்து ரூபாக் குற்றி பத்து ஒரு ரூபாக்களாக நிற்பதை விளங்கிக்கொள்வதற்கும் இடையே பெரிய வேறுபாடு இல்லை. எனவே நாணயக் குற்றி, கணிதத்தின் மிக முக்கியமான கருத்தொன்றைப் பிள்ளையின் கைக்குள் வைக்கும் கருவியாகும்.

இதில் இரண்டாவது சிரமம் குற்றிகளின் தோற்றத்தில் உள்ளது. பெரியது கூடியது, சிறியது குறைந்தது என்று நம்புவது பிள்ளைகளின் இயல்பு. எமது நாட்டின் பழைய இரண்டு ரூபாக் குற்றியோ ஐந்து ரூபாக் குற்றியிலும் பருமனில் பெரியது. 2010 இல் அறிமுகமான பதினொரு பக்கங்கள் கொண்ட பத்து ரூபாக் குற்றியும் அதனிலும் சிறியதே. 2017 இல் துருப்பிடிக்காத உருக்கினாலான புதிய வரிசைக் குற்றிகள் வெளிவந்ததன் பின்னர், பொன்னிற ஐந்து ரூபாவும் வெள்ளி நிற ஐந்து ரூபாவும் ஒரே சட்டைப் பைக்குள் கிடக்கின்றன. இவற்றுடன், மத்திய வங்கியின் 70 ஆவது ஆண்டு நிறைவையொட்டி வெளியிடப்பட்ட இருபது ரூபாக் குற்றியும் சேர்ந்துள்ளது. ஒரே பெறுமதிக்குப் பல தோற்றங்கள்; பெரிய தோற்றத்துக்குச் சிறிய பெறுமதி. வளர்ந்தோர் பழக்கத்தினால் இதனைக் கவனிப்பதில்லை. பிள்ளைக்கோ இது பெருங்குழப்பமாகும்.

எமது முன்னைய நாணயங்கள் இவ்விடயத்தில் சற்றுத் தாராளமாக இருந்தன என்பதையும் குறிப்பிட வேண்டும். 1909 முதல் வெளியான ஐந்து சதம் சதுர வடிவானது. 1940களில் வந்த இரண்டு சதமும் பத்துச் சதமும் பூவிதழ் போன்று வளைந்த விளிம்பு கொண்டவை. இருட்டிலும் விரலால் தடவிப் பார்த்து இது இன்னது என்று சொல்லக்கூடியதாக இருந்தது. எழுத்தறியாத பாட்டிமாரும் கணக்குப் பிழைக்காமல் காசு மாற்றியதற்கு அந்த வடிவ வேறுபாடும் உதவியிருக்க வேண்டும்.

மூன்றாவது சிரமமே உண்மையான கலப்புச் சில்லறையின் சிரமம். இரண்டு இரண்டாக எண்ணுவது ஒரு பாட்டு. ஐந்து ஐந்தாக எண்ணுவது இன்னொரு பாட்டு. பத்துப் பத்தாக எண்ணுவது மற்றொன்று. கலந்த குற்றிகளை எண்ணும் போது ஒரு பாட்டை இடைநடுவில் நிறுத்தி, நின்ற இடத்திலிருந்தே மற்றப் பாட்டைத் தொடங்க வேண்டும். பத்து, இருபது, முப்பது என்று வந்த பிள்ளை ஐந்து ரூபாவைத் தொட்டதும் நாற்பது என்று சொல்லிவிடும், அல்லது எல்லாவற்றையும் மறந்து ஐந்து என்று புதிதாகத் தொடங்கிவிடும். இவ்விரு பிழைகளும் உலகெங்கும் உள்ள பிள்ளைகள் செய்யும் பிழைகளே. பிள்ளை மந்தமானது என்பதற்கு இவை சான்று ஆகா. கற்றலின் எந்தப் படியில் அது நிற்கிறது என்பதை ஆசிரியருக்குக் காட்டும் அடையாளங்கள் என்றே இவற்றைக் கொள்ள வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளையின் தனி நிலை

பிரேஸில் நாட்டின் ரெசிஃபே நகரில் நடத்தப்பட்டு 1985 இல் வெளியான ஆய்வொன்று கல்வியுலகில் பெரிதும் பேசப்பட்டதாகும். தெரேசிஞ்ஞா நூனெஸ், டேவிட் கராஹர், அனலூசியா ஸ்லீமன் ஆகியோர் தெருவோரத்தில் தேங்காயும் சோளமும் விற்கும் ஐந்து சிறுவர்களிடம், வாடிக்கையாளர் போல நின்று விலை கேட்டனர். நூற்றுக்கு 98 வீதமான கேள்விகளுக்கு அச்சிறுவர்கள் சரியாகப் பதிலளித்தனர். அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாக எழுதிக் கொடுத்த போது சரியான விடைகள் 37 வீதமாக வீழ்ந்தன. இந்தியாவில் கொல்கத்தா, டில்லி ஆகிய நகரங்களின் சந்தைகளில் வேலை செய்யும் சிறுவர்களிடம் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலானோர் நடத்திய ஆய்வு 2025 இல் வெளியானது. அதுவும் இதே முடிவைத் தந்ததுடன் மறுபக்கத்தையும் காட்டியது. சந்தைச் சிறுவர்கள் பாடப்புத்தகக் கணக்கில் தடுமாறினர். பாடசாலையில் மாத்திரம் கற்ற பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினர். தெருவின் கணிதமும் வகுப்பறையின் கணிதமும் தாமாக ஒன்று சேர்வதில்லை. எவராவது அவற்றைச் சேர்த்து வைக்க வேண்டும் என்பதே இவ்வாய்வுகள் தரும் பாடம்.

மலையகத்துப் பிள்ளையின் நிலை இவ்விரண்டிலும் வேறானது என்பது எமது கருத்து. ரெசிஃபே சிறுவனுக்குத் தெருவாவது கணிதம் கற்றுக் கொடுத்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு அதுவும் குறைவாகவே கிடைக்கிறது. காரணம், தோட்டத்தின் அன்றாட வாழ்க்கையில் காசு கைமாறுவது குறைவு. சம்பளம் மாதக் கணக்கில் வருவது. இடையில் முற்பணம் ஒன்று வரலாம். எஞ்சிய நாட்களில் பல குடும்பங்களின் கொள்வனவு கடனிலேயே நடைபெறுகின்றது. பிள்ளை கடைக்குப் போகிறது. ஒரு இறாத்தல் பாணும் கால் கிலோ சீனியும் வாங்குகிறது. கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொள்கிறார். பிள்ளை பொருளுடன் திரும்புகிறது. காசு கொடுக்கவும் இல்லை, மீதி வாங்கவும் இல்லை. சம்பள நாளில் தந்தையோ தாயோ சென்று மொத்தத் தொகையைத் தீர்க்கிறார்கள். விலை, கூட்டல், மீதி ஆகிய மூன்றும் பிள்ளையின் கண்ணுக்கு மறைவாகவே நடந்து முடிகின்றன.

இதற்கு மேலாக, 2022 இன் பொருளாதார நெருக்கடி சில்லறையின் மதிப்பையே குறைத்துவிட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்தை அண்மித்தது. ஒரு ரூபாவுக்கும் இரண்டு ரூபாவுக்கும் வாங்குவதற்கு எதுவும் இல்லாத நிலையில், மீதிக் காசுக்குப் பதிலாக டொபி கொடுப்பது நாட்டில் பலரும் அறிந்த வழக்கமாகிவிட்டது. சில்லறையைக் காணாத பிள்ளைக்குச் சில்லறை எண்ணத் தெரியவில்லை என்று குறை கூறுவதில் நியாயமில்லை. ஆகவே இதனைக் கற்பிக்கும் பொறுப்பு ஏனைய இடங்களைக் காட்டிலும் தோட்டப் பாடசாலைக்கே அதிகமாக உள்ளது.

கணக்கு யாருடைய கையில்?

இவ்விடயத்தில் மலையகத்தின் வரலாற்றையும் நாம் மறத்தலாகாது. தமிழகத்தின் கிராமங்களிலிருந்து இங்கு அழைத்துவரப்பட்ட மக்கள் அணா, பைசாவில் பழகியவர்கள். அங்கு ஒரு ரூபாவுக்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 தம்படி. இலங்கையோ 1872 இலேயே ரூபாவை 100 சதங்களாக வகுத்துவிட்டது. இந்தியா பதின்ம முறைக்கு வந்தது 1957 இல். இரு கரைகளிலும் புழங்கிய வெள்ளி ரூபா ஒன்றாகவே இருந்த காலத்திலும், அதனை மாற்றிச் சில்லறையாக்கினால் ஒரு கரையில் 16 கூறுகள், மறு கரையில் 100 கூறுகள். கடல் கடந்து வந்தவர் மொழியை மாற்ற வேண்டியிருக்கவில்லை. கணக்கை மாற்ற வேண்டியிருந்தது.

அந்தக் கணக்கும் அவர்களுடைய கையில் இருக்கவில்லை. பயணச் செலவு முதல் அரிசி வரை கங்காணியின் பெயரில் கடனாக எழுதப்பட்டது. கடன் தொகை குறிக்கப்பட்ட துண்டு இல்லாமல் ஒரு தோட்டத்திலிருந்து மற்றத் தோட்டத்துக்குப் போக முடியாத நிலை 1921 இன் சட்டம் அத்துண்டு முறையை ஒழிக்கும் வரை நீடித்தது. எவ்வளவு வாங்கினோம், எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதி என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை பிறருடைய பேரேட்டிலேயே இருந்தது. பேரேட்டில் எழுதியது சரியா, பிழையா என்று பார்க்கும் ஆற்றல் உழைத்தவருக்குக் கொடுக்கப்படவில்லை. கணக்கப்பிள்ளை என்னும் பதவிப் பெயரே, கணக்கு வேறொருவருடைய தொழில் என்பதை நாள்தோறும் நினைவூட்டியது.

1927 இன் குறைந்தபட்ச வேதனச் சட்டத்தைத் தொடர்ந்து 1929 இல் உயர்நாட்டுத் தோட்டங்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். அதாவது ஒரு பிள்ளையின் ஒரு நாள் உழைப்பு ஒரு இருபத்தைந்து சதம், ஒரு ஐந்து சதம், இரண்டு ஒரு சதம் ஆகிய நான்கு குற்றிகள். மூவரும் உழைத்தால் ஒரு நாளைக்கு ஒரு ரூபா 29 சதம். பழைய கணக்கில் சொன்னால் ஒரு ரூபா நான்கு அணாவும் ஏழெட்டுத் தம்படியும். அந்தக் குற்றிகளைச் சம்பாதித்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவற்றைக் கூட்டிப் பார்க்கத் தெரிந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், இன்றைய பிள்ளைக்கு நாம் கற்பிக்க வேண்டியது எது என்பது தெளிவாகும். ஆணுக்கும் பெண்ணுக்கும் தோட்டத்தில் சம கூலி கிடைத்தது 1984 இலேயே என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

இன்று பேரேடு கணினிக்கு மாறியிருக்கலாம். சம்பளச் சீட்டு அச்சில் வரலாம். கேள்விகள் மாறவில்லை. நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டதற்குப் பின்னால் பல்லாண்டுப் போராட்டம் உண்டு. ஆனால் உயர்ந்த தொகை வீட்டுக்கு வந்து சேர்கிறதா என்பதை அறிய, எத்தனை பெயர் பதியப்பட்டது, எத்தனை நாள் அரைப் பெயராகக் கணிக்கப்பட்டது, நிறுவையில் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, கடனுக்கும் சந்தாவுக்கும் எவ்வளவு பிடிக்கப்பட்டது என்று பார்க்கத் தெரிய வேண்டும். உதாரணமாக, 18 பெயருக்கு 1,350 ரூபாவின்படி 24,300 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழிந்தால் 1,944 ரூபா. மீதி 22,356 ரூபா. அதற்குக் கீழே வரும் ஒவ்வொரு கழிவுக்கும் காரணம் கேட்க வேண்டும். கேட்கும் துணிவு கணக்குத் தெரிந்தவருக்கே வரும். அந்தத் துணிவின் முதற்படி, ஆறு வயதில் உள்ளங்கையிலுள்ள சில்லறையைப் பார்த்து "பதினேழு ரூபா" என்று தயங்காமல் சொல்வதாகும்.

கற்பிக்கும் ஒழுங்கு

இனி, எவ்வாறு கற்பிப்பது என்பதைப் பார்ப்போம். இதற்கு விசேட பயிற்சியோ விலையுயர்ந்த உபகரணமோ தேவையில்லை. ஒழுங்கும் பொறுமையுமே தேவை.

முதற்படி, குற்றிகளை அடையாளம் காணுதல். உண்மையான குற்றிகளைப் பிள்ளையின் கையில் கொடுத்து, ஒரே பெறுமதியுள்ளவற்றைக் குவியலாகப் பிரிக்கச் சொல்ல வேண்டும். பழைய, புதிய குற்றிகள் இரண்டும் கலந்திருத்தல் நன்று. பருமனையும் நிறத்தையும் நம்பாதே, இலக்கத்தைப் பார் என்பது இந்தப் படியின் பாடம். பின்னர் ஒரு துணிப் பைக்குள் குற்றிகளை இட்டு, பார்க்காமல் தடவி எடுக்கும் விளையாட்டை விளையாடலாம். பத்து ரூபாவின் பதினொரு பக்க விளிம்பை விரல் விரைவில் கண்டுகொள்ளும்.

இரண்டாவது படி, பெறுமதியை விரித்துக் காட்டுதல். ஐந்து ரூபாக் குற்றியின் பக்கத்தில் ஐந்து புளியங்கொட்டைகள், இரண்டு ரூபாவின் பக்கத்தில் இரண்டு. பிள்ளை கொட்டைகளை எண்ணுகிறது. பின்னர் கொட்டைகளை எடுத்துவிட்டு, குற்றியை மாத்திரம் வைத்து, இதற்குள் எத்தனை என்று கேட்க வேண்டும். ஐந்து ஒரு ரூபாக்களைக் கொடுத்து ஓர் ஐந்து ரூபாவை வாங்கும் மாற்று விளையாட்டையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தைக் கொடுத்து ஒன்றை வாங்கினால் தனக்கு நட்டம் என்று முதலில் நினைக்கும் பிள்ளை, நட்டமில்லை என்று உணரும் நாளே இந்தப் படி நிறைவு பெறும் நாளாகும். அதற்கு முன்னர் அடுத்த படிக்குப் போவதால் பயனில்லை.

மூன்றாவது படி, ஒரே வகைக் குற்றிகளைத் தாவி எண்ணுதல். பத்துப் பத்தாக, பின்னர் ஐந்து ஐந்தாக, பின்னர் இரண்டு இரண்டாக. இங்கு எமது மொழி பிள்ளைக்குப் பெருந்துணை செய்கிறது. பதின்மூன்று, இருபத்தைந்து, முப்பத்தேழு என்னும் பெயர்களில் பத்துக்களும் ஒன்றுகளும் காதுக்கே கேட்கின்றன. ஆங்கிலப் பிள்ளை பதினொன்றையும் பன்னிரண்டையும் தனிச் சொற்களாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்க, தமிழ்ப் பிள்ளை அவற்றைப் பத்துடன் ஒன்று, பத்துடன் இரண்டு என்று கேட்கிறது. தொண்ணூறு என்னும் இடத்தில் மாத்திரம் சிறிது கவனம் தேவை. எண்பதுக்கு அடுத்து வரும் பத்து, பெயரில் நூறை வைத்துக்கொண்டிருப்பதால் பிள்ளைகள் அவ்விடத்தில் தடுமாறுவர்.

நான்காவது படியில் இரு வகைக் குற்றிகள் மாத்திரம் கலக்க வேண்டும். மூன்று பத்து ரூபா, இரண்டு ஐந்து ரூபா. பெரியதிலிருந்து தொடங்கி, பத்து, இருபது, முப்பது என்று வந்தவுடன் நிறுத்த வேண்டும். "இப்போது எதில் நிற்கிறோம்?" என்று கேட்க வேண்டும். "முப்பது" என்று பிள்ளை மீண்டும் சொன்ன பின்னரே அடுத்த குற்றியைத் தொட வேண்டும். முப்பத்தைந்து, நாற்பது. இந்த நிறுத்தமும் மறுமொழியுமே கலப்புச் சில்லறையின் உயிர்நாடி. இதனை அவசரமாகத் தாண்டிச் செல்வதனாலேயே பெரும்பாலான பிள்ளைகள் பின்னர் தடுமாறுகின்றனர்.

ஐந்தாவது படியில் எல்லா வகைகளும் கலக்கலாம். இரண்டு இருபது ரூபா, ஒரு பத்து, இரண்டு ஐந்து, மூன்று இரண்டு, ஒரு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். பிரித்து, பெரியதிலிருந்து வரிசையாக அடுக்கினால் இருபது, நாற்பது, ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்திரண்டு, அறுபத்துநான்கு, அறுபத்தாறு, அறுபத்தேழு. அதே குற்றிகளைச் சிறியதிலிருந்து எண்ணினால் ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, பன்னிரண்டு, பதினேழு, இருபத்தேழு, நாற்பத்தேழு, அறுபத்தேழு. விடை ஒன்றே, வழி கரடுமுரடானது. இரு வழிகளையும் பிள்ளையையே செய்து பார்க்கச் சொன்னால், பெரியதிலிருந்து தொடங்குவதன் நன்மையை நாம் விளக்க வேண்டியதில்லை.

ஆறாவது படி, ஒரே தொகையைப் பல விதமாக அமைத்தல். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து ரூபாக் குற்றிகளைக் கொண்டு பத்து ரூபாவை 11 விதங்களில் அமைக்கலாம். இரண்டு ரூபாக்களை மாத்திரம் கொண்டு ஐந்து ரூபாவை அமைக்க முடியாது, ஒரு ஒன்று வேண்டும் என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். குழுக்களாகப் பிரிந்து எந்தக் குழு அதிக வழிகளைக் காண்கிறது என்று போட்டி வைத்தால், ஒரு பாடவேளை போதாமல் போகும்.

இறுதிப் படி மீதிக் காசு. இதனைக் கழித்தல் கணக்காக அன்றி, கடைக்காரர் செய்வது போல மேல்நோக்கி எண்ணிக் கற்பிப்பதே இலகுவானது. 65 ரூபாப் பொருளுக்கு நூறு ரூபாத் தாள் கொடுத்தால், அறுபத்தைந்திலிருந்து ஓர் ஐந்து எழுபது, ஒரு பத்து எண்பது, ஓர் இருபது நூறு. மீதி 35 ரூபா. கடன் வாங்கிக் கழிக்கும் முறையைத் தாளில் கற்குமுன்னரே பிள்ளை இதனைக் கையால் செய்துவிடும்.

தரம் ஒன்றில் முதல் மூன்று படிகளும், தரம் இரண்டில் ஏனையவையும் என்று வைத்துக்கொண்டால் காலம் போதுமானது. முன்பள்ளி வயதுக்குக் குறைந்த குழந்தைகளின் கையில் குற்றிகளைக் கொடுத்தல் ஆகாது. வாயில் போட்டு விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. காசைத் தொட்ட பின்னர் கைகழுவும் பழக்கத்தையும் இத்துடன் சேர்த்தே கற்பிக்கலாம்.

140 ரூபாவில் ஒரு குழு

ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1999 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து செயற்பாடு சார்ந்த கற்பித்தலே வலியுறுத்தப்பட்டு வருகின்றது. காசு பற்றிய பாடமும் ஆரம்ப வகுப்புக் கணிதத்தில் உண்டு. நடைமுறையில் குறை எங்கே என்றால், பிள்ளை குற்றிகளைத் தொடுவதற்குப் பதிலாக அவற்றின் படங்களையே பார்க்கின்றது. படத்தில் உள்ள குற்றியைப் புரட்டவோ, நகர்த்தி வரிசைப்படுத்தவோ, மாற்றிக்கொள்ளவோ முடியாது. மேலே கூறிய ஒவ்வொரு படியும் கையினால் நகர்த்துவதையே அடிப்படையாகக் கொண்டது.

உண்மைக் குற்றிகளுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு குழுவுக்கு ஒரு ரூபா பத்து, இரண்டு ரூபா பத்து, ஐந்து ரூபா ஆறு, பத்து ரூபா நான்கு, இருபது ரூபா இரண்டு. மொத்தம் 32 குற்றிகள், 140 ரூபா. வகுப்பில் ஆறு குழுக்கள் என்றால் 840 ரூபா. இது செலவாகாத செலவு என்பது கவனிக்கத்தக்கது. ஆண்டிறுதியில் அந்தக் காசு காசாகவே இருக்கும். பாடம் முடிந்ததும் குற்றிகளை எண்ணித் திருப்பிக் கொடுக்கும் பொறுப்பைக் குழுவிடம் விட்டால், அதுவே இன்னொரு கணக்குப் பாடமாகிவிடும்.

பாடசாலைகளிலும் முன்பள்ளிகளிலும் நடத்தப்படும் சிறுவர் சந்தை பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டுத் தோட்டத்துக் கீரையும் லீக்ஸும் கரட்டும் அடுக்கி, அதிதிகளை அழைத்து, புகைப்படம் எடுத்து நடத்தப்படும் இந்நிகழ்வு பாராட்டுக்குரியது. ஆனால் பல இடங்களில் பொருளை நீட்டுவது பிள்ளையாகவும், காசை வாங்கி எண்ணி மீதி கொடுப்பது பின்னால் நிற்கும் பெரியவராகவும் இருப்பதைக் காண்கிறோம். வரிசை நீண்டாலும் பரவாயில்லை, பிள்ளையே எண்ணட்டும். ஆண்டுக்கு ஒரு தடவை ஆரவாரமாக நடத்துவதிலும் பார்க்க, மாதம் ஒரு தடவை வகுப்பறைக்குள் அடக்கமாக நடத்துவது கூடிய பயன் தரும்.

பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரியிலிருந்து வெளிவரும் ஆரம்பக் கல்வி ஆசிரியர்கள் இதில் முன்னின்று உழைக்க முடியும். அவர்களுள் பலர் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பெயர், அரைப் பெயர், நிறுவை என்பன அவர்களுக்குப் புத்தகச் சொற்களல்ல. தோட்டங்களில் இயங்கும் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள், மக்கள் வழக்கில் இன்றும் பிள்ளைக் காம்பராக்கள், கொட்டைகளையும் கற்களையும் கொண்டு எண்ணுதல், வகைப்படுத்துதல் ஆகிய முன் ஆயத்தங்களைச் செய்யலாம். ஹட்டன், நுவரெலியா போன்ற நகரங்களில் பஸ்ஸிலும் கடையிலும் விலை சிங்களத்தில் சொல்லப்படுவதும் உண்டு என்பதால், எண்களின் சிங்களப் பெயர்களையும் பிள்ளை உடன் அறிந்திருப்பது நன்மையே.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அந்தி நேரத்தில் களைத்து வரும் தாயிடம் பாடம் சொல்லிக் கொடுக்குமாறு கேட்பது கொடுமை. நாம் கேட்பது ஐந்து நிமிடம் மாத்திரமே. வீட்டில் உள்ள சில்லறையைப் பாயில் கொட்டி, எவ்வளவு என்று பிள்ளையிடம் கேளுங்கள். கடையில் கடனுக்கு வாங்கினாலும், கொப்பியில் எழுதிய தொகை எவ்வளவு என்று பிள்ளை பார்த்து வந்து சொல்லட்டும். மாத முடிவில் அந்தத் தொகைகளைக் கூட்டும் போது பிள்ளையையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். தங்களுக்கு எழுத்தறிவு குறைவு என்று தயங்கும் பெற்றோரும் காசுக் கணக்கில் தயங்கத் தேவையில்லை. அது அவர்கள் நாள்தோறும் செய்யும் கணக்கே.

காசட்டைகளும் கைத்தொலைபேசிக் கொடுப்பனவுகளும் வந்துவிட்ட காலத்தில் குற்றிகளை எண்ணக் கற்பது எதற்கு என்ற கேள்வி எழலாம். குற்றிகளின் ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்னும் ஒழுங்கே இருபது, ஐம்பது, நூறு ரூபாத் தாள்களிலும் தொடர்கின்றது. ஒரு சுழியம் கூடியிருப்பதே வேறுபாடு. குற்றியில் கற்றது தாளுக்கும், தாளில் கற்றது வங்கிக் கணக்குக்கும் செல்லும். மேலும், கண்ணுக்குத் தெரியும் காசிலேயே ஏமாற்றப்படக்கூடியவர், திரையில் ஓடும் எண்களில் இன்னும் இலகுவாக ஏமாற்றப்படுவார். பாடசாலையை இடைநிறுத்திக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குச் செல்லும் எமது இளைஞர்களும், கடன் கொடுக்கும் நிறுவனங்களின் வாராந்தத் தவணைகளில் சிக்கியுள்ள எமது பெண்களும் இதற்குச் சாட்சிகள்.

தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகின்றது. கட்டடங்கள் எழுந்துள்ளன, பட்டதாரிகள் உருவாகியுள்ளனர். அந்த முன்னேற்றம் லயத்தின் கடைசிக் காம்பராவிலுள்ள பிள்ளையையும் சென்றடைய வேண்டுமாயின், வலயக் கல்வி அலுவலகங்களும் அதிபர்களும் ஆரம்ப வகுப்புகளிலிருந்தே தொடங்க வேண்டும். வகுப்பு ஒன்றுக்கு 840 ரூபாச் சில்லறை, வாரத்துக்கு இரண்டு பாடவேளை, பிழை விட்டால் சிரிக்காத ஆசிரியர். அடுத்த தவணையிலேயே தொடங்கிவிடக்கூடிய இந்த வேலைக்குச் சுற்றுநிருபம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. தன் கையிலுள்ள காசைத் தானே எண்ணக் கற்ற பிள்ளை, நாளை தன் பெற்றோரின் சம்பளச் சீட்டையும் கையில் எடுத்துப் பார்க்கும்.